பாக்கெட்டில் சொட்டிய பச்சை

கார் ரேடியேட்டரின் கீழ் ஹோஸைக் கழற்றி, வாத்தியார் உள்ளே விரலை விட்டார். ஏதோ துணி. இழுத்தார். எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலண்டில் ஊறிப்போய், பூப்போட்ட தலையணை உறையின் கிழிசல் ஒன்று வெளியே வந்தது.

வைத்தவர் அவரேதான். பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை ஷெட்டில் வைத்து இரண்டு வருஷமாகப் பூட்டிக் காரை உருவாக்கியவர். தூசி என்றால் ஆகாது. எந்தக் குழாய் வாய் திறந்து கிடந்தாலும் துணியை அடைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார். இதை எடுக்க மட்டும் மறந்திருந்தார்.

போன ஞாயிறு முதன்முதலாக ஸ்டார்ட் செய்தபோது, ஐந்தே நிமிஷத்தில் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. குபுகுபுவென்று ஆவி. ரேடியேட்டரைச் செய்து கொடுத்தவன் மனைவியின் தம்பி, வெல்டிங் பட்டறைக்காரன். ஹோஸ்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மேல கொதிக்குது, கீழ சில்லுன்னு இருக்கு மாமா. எங்கயோ அடைப்பு. கீழ் ஹோஸைக் கழட்டிப் பாக்கலாமா?" என்று பணிவாகத்தான் கேட்டான்.

வாத்தியாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"நான் பூட்டினதைக் கழட்டுவியா? உன் ஒட்டுவேலைதான் உள்ள அடைச்சிருக்கு மாப்ள. தகர டப்பா ஒட்டுறவன்கிட்ட ரேடியேட்டரைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

நாலு பேர் முன்னால் சொன்னார். அந்த நாலு பேரில் லாரிக்காரரும் ஒருவர். தன் ஆறு லாரிகளின் ரேடியேட்டர் வேலையையும் மச்சினனிடம் தருவதாக இருந்தவர், மறுநாளே வேறு பட்டறை தேட ஆரம்பித்துவிட்டார். மச்சினன் அதன்பின் இந்த வாசலை மிதிக்கவில்லை.

செருப்புச் சத்தம். மனைவி. துணி சட்டென்று பாக்கெட்டுக்குள் போனது.

"கண்டுபிடிச்சீங்களா? என் தம்பி வேலைதானா?"

பார்த்துக்கொண்டிருப்பதாக முனகினார். அவள் பார்வை கீழே இறங்கியது. பாக்கெட்டிலிருந்து முழங்கால் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் பச்சை.

"என்னங்க இது, இந்த வயசுல?"

கிட்டே வந்தவள் பாக்கெட் ஓரத்தில் எட்டிப்பார்த்த பூவைக் கண்டாள். தன் தலையணை உறை என்று அவளுக்குத் தெரியாதா? திரும்பி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

பேன்ட்டை மாற்றாமலே கிளம்பினார். முதலில் லாரிக்காரர் வீடு. அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு பட்டறை. மச்சினன் வெல்டிங் முகமூடியைத் தூக்கிப் பார்த்தான். வாத்தியார் துணியை எடுத்து அவன் மேஜையில் வைத்தார்.

"நான்தான் அடைச்சேன். எடுக்க மறந்துட்டேன். உன் வேலையில ஒரு பழுதும் இல்ல மாப்ள."

லாரிக்காரர் சிரிப்பை மறைக்க இருமினார். நாளைக்கே முதல் வண்டியை அனுப்புவதாகச் சொல்லிவிட்டு நழுவினார்.

மச்சினன் உறையை உதறிப் பட்டறை வாசல் ஆணியில் மாட்டினான்.

"அங்க எதுக்குடா?"

"காயட்டும் மாமா. யாராவது கேட்டா நீங்களே வந்து சொல்லுங்க."

ஸ்பேனர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுப் பக்கம் நடந்தான். வாத்தியார் பின்னாலேயே போனார், பச்சைக் கறையைக் கையால் மறைத்தபடி.