ஏழாம் பெட்டியின் ஒன்பதாவது அறை

ஏழாம் பெட்டியின் மூடியைத் தூக்கியதுமே அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

சத்தம் சரியில்லை. நல்ல தேனீப்பெட்டி திறந்தவுடன் உஸ்ஸென்று சீறும், அடங்கும். இது அடங்கவில்லை. தாயைத் தொலைத்த பிள்ளை மாதிரி விட்டுவிட்டு அழுதது.

"பாத்தீங்களா அண்ணி? பெட்டி பொங்கி வழியுது!" பின்னால் கொழுந்தன் பெருமையாகச் சொன்னான். எலக்ட்ரீஷியன். வீட்டில் அவனுக்கு 'ஃபியூஸ்' என்று பெயர். காரணம் கேட்டால் ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். அவள் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்த எட்டு நாளும் பன்னிரண்டு பெட்டிகளும் அவன் பொறுப்பு.

அவள் தேனடை கட்டிய நடுச்சட்டத்தை உருவி, அறைகளுக்குள் வெளிச்சம் விழும்படி சாய்த்தாள். முட்டை இல்லை. அடுத்த சட்டம். சின்னப் புழுகூட இல்லை. மூடி போட்ட பழைய அறைகள் மட்டும்.

"தம்பி, போன வாரம் இதுலேர்ந்து கூட்டம் பிரிஞ்சு போச்சா?"

"பகல்ல நான் எங்க இருந்தேன்? ஆனா இனிமே போகாது. வேர்க்கடலை மாதிரி ராணி அறைங்க தொங்குச்சு. ஒன்பது! காலைலதான் ஒண்ணு விடாம வெட்டினேன். புது ராணி வளர்ந்தா பழைய ராணி பாதிக் கூட்டத்தோட ஓடிடுமாமே. வீடியோல பாத்தேன்."

"வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி அணை போடணும்டா. நீ வெள்ளம் போனப்புறம் போட்டிருக்க."

அவன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"முட்டையும் இல்ல, சின்னப் புழுவும் இல்ல. பழைய ராணி போய் ஒரு வாரமாச்சு. அவ முட்டை வெச்சுட்டுப் போன அந்த ஒன்பதுதான் மிச்சம். இனி ராணி வளர்க்க இதுங்ககிட்ட ஒரு முட்டைகூட இல்ல."

"வேற பெட்டிலேர்ந்து முட்டை எடுத்து வெச்சா?"

"ராணி வரும். இந்த ராணியோட மக வரமாட்டா."

அது அவனுக்கும் தெரியும். போன வருஷம் உண்ணி விழுந்து முப்பது பெட்டிகள் வரிசையாகச் செத்தன. ஏழாம் பெட்டித் தேனீக்கள் மட்டும் உண்ணி புகுந்த அறைகளைத் தாங்களே கிழித்து, கெட்ட புழுவை இழுத்து வெளியே எறிந்தன, பிழைத்தன. மற்ற பதினொன்றும் புதிதாக வாங்கியவை. இந்த வம்சத்திலிருந்து மகள்களை வளர்த்து எல்லாப் பெட்டிக்கும் குடியேற்றத்தான் அவள் திரும்பி வந்திருந்தாள். இது போனால், அடுத்த உண்ணிக்குப் பன்னிரண்டும் பலி.

"வெட்டினதை எங்க போட்ட?"

"மெழுகு வீணாகக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? மாடில, மெழுகு உருக்குற பெட்டில."

கறுப்புத் தகரத் தட்டு, மேலே கண்ணாடி. வெயில் பட்டால் மெழுகு நெய்யாய் ஓடும். காலையிலிருந்து மேகம்தானே என்று நினைத்தவள், அப்போதுதான் உணர்ந்தாள்: முதுகு சுடுகிறது.

சட்டத்தைப் பெட்டிக்குள் இறக்கிவிட்டு ஓடினாள். முகவலை படியின் கைப்பிடியில் மாட்டிக் கிழிந்தது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி, கண்ணாடியைத் தூக்கினாள். அனல் முகத்தில் அறைந்தது.

அறைகள் குழைந்து தட்டோடு ஒட்டிக் கிடந்தன. ஒன்றை நகத்தால் பிளந்தாள். உள்ளே ராணி, கால்களை மடக்கிக்கொண்டு வெந்திருந்தது. இரண்டு. ஐந்து. ஏழு. எட்டாவதும் அப்படியே.

"ஒன்பதுன்னியே? எண்ணினியா, குத்துமதிப்பா அடிச்சு விட்டியா?"

மூச்சிரைக்க ஏறி வந்தவன் தலையைச் சொறிந்தான். "எண்ணினேன் அண்ணி. ஒண்ணு... சைட்ல பசங்ககிட்ட காட்டலாம்னு சட்டைப் பையில..." சொல்லிக்கொண்டே பையைத் தட்டக் கையை ஓங்கினான்.

"தட்டாதே!"

கை அந்தரத்தில் நின்றது. "இந்தச் சட்டைதானா?" என்றாள்.

"இதேதான்."

"அசையாதே. மூச்சுகூட மெதுவா விடு."

இரண்டு விரலை உள்ளே விட்டாள். டெஸ்டர், பில், ஒரு ஸ்க்ரூ. அவற்றுக்கு நடுவே, அவன் மார்புச் சூட்டில், அந்த அறை. ஒரு பக்கம் லேசாக நசுங்கியிருந்தது. காதோரம் வைத்தாள்.

ஒன்றுமில்லை.

அப்புறம், கறக்... கறக்... உள்ளிருந்து யாரோ பிறாண்டுகிற சத்தம். நுனி மூடியில் மயிரிழை வட்டம் கீறி, அதன் வழியே ஒரு மீசை வெளியே நீண்டது.

"அண்ணி, வெளிய வருது!"

"வழியை விடு!"

உள்ளங்கையைக் கிண்ணமாகக் குவித்துப் படி இறங்கினாள். கடைசிப் படியில் ராணி முழுதாக வெளியே வந்து அவள் மணிக்கட்டில் ஓடியது. அது பறந்தால் முடிந்தது. ஏழாம் பெட்டியின் வாசலில் கையை வைத்தாள். காவல் தேனீக்கள் நாலைந்து பாய்ந்து சூழ்ந்தன. ஒன்று ராணியின் காலைக் கவ்வியது. அவள் கையை எடுக்கவில்லை.

கவ்வியது விட்டது. ராணி வாசலுக்குள் நுழைந்து மறைந்தாள்.

சற்று நேரத்தில் அழுகை தேய்ந்து, நின்றது.

"சத்தமே காணோம். போச்சா அண்ணி?"

"அடங்கிடுச்சு. இன்னும் அவ வெளிய பறந்து, ஆண்களோட சேர்ந்து, குருவி வாயில விழாம வீடு திரும்பணும். அதுவரைக்கும் இந்தப் பக்கம் உன் நிழல்கூட விழக் கூடாது."

பதினாறாம் நாள் அவள் நடுச்சட்டத்தை வெயிலுக்குச் சாய்த்தபோது, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"என்ன அண்ணி?"

அறைக்கு ஒன்றாக, ஊசிமுனை அளவில், வெள்ளை முட்டைகள். அவள் சட்டத்தை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

அவன் தன்னையறியாமல் சட்டைப் பையைத் தட்டப் போய், பாதியில் கையை இழுத்துக்கொண்டான்.