கீரி தங்கிய வீடு

பழைய படம் ஒன்று மறுபடி தியேட்டருக்கு வருகிறதென்றால், அதில் நடித்த கார்ட்டூன்கள் முதல் நாளே பஸ் பிடித்து ஊருக்கு வந்துவிடும். மனிதர்கள் வர மாட்டார்கள். அவர்களைக் கேமராவில் எடுத்தாயிற்று. எடுத்தது எடுத்தபடி பெட்டிக்குள் கிடக்கும். வரைந்தவற்றின் பிழைப்பு வேறு. ஒவ்வொரு காட்சிக்கும் நேரில் போய்த் திரைக்குள் ஏறித் தங்கள் பங்கை ஆடிக் கொடுத்தாக வேண்டும். கூட நடித்த மனிதர் அந்த ஊரில் இருந்தால் அவர் வீட்டில்தான் தங்க வைப்பார்கள். லாட்ஜில் தங்கினால் தலையணை உறையிலெல்லாம் மை ஒட்டுகிறது என்று லாட்ஜ்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆறுமுகநேரியில் தங்கப்பழத்தின் வீட்டு வாசலில் கீரி வந்து நின்றது.

தங்கப்பழம் ரயில்வேயில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இளவட்டமாக இருந்தபோது அந்தப் பக்கத்தில் அவரை மிஞ்சிய கபடி ஆட்டக்காரன் கிடையாது. அப்போதுதான் சினிமாக்காரர்கள் வந்து, நிஜ ஆட்டக்காரர்கள் ஆறு பேரையும் வரைந்த கீரி ஒன்றையும் ஓர் அணியாக்கி, வரைந்த முதலைகளோடு மோதவிட்டு, 'வாலோடு ஏழு பேர்' என்று குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி ஒரு படம் எடுத்தார்கள். கடைசிக் காட்சியில் தங்கப்பழம் கபடி கபடி என்று தனியாகப் பாடிப் போவார். மூன்று முதலைகள் மேலே விழுந்து அமுக்கும். மூன்றையும் இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டை விரல்நுனியால் தொடுவார். படம் முடியும்.

அந்த விரல்நுனியை வைத்துத்தான் அவர் இத்தனை வருடம் வாழ்க்கையை ஓட்டினார் என்று சொன்னால் தப்பில்லை. வேலை கிடைத்தது அதனால். கல்யாணம் நடந்ததும் அதனால்தான் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. அன்னக்கனியைப் பெண் கேட்டுப் போனபோது, மாப்பிள்ளை 'வாலோடு ஏழு பேர்' படத்தில் ஆடியவர் என்று சொன்ன உடனே பெண் சம்மதம் சொல்லிவிட்டது. இதை அவர் டிக்கெட் வாங்க வருகிறவர்களிடமும் சொல்லியிருக்கிறார்.

கீரிக்கு ஒரு நாள்கூட வயது ஏறியிருக்கவில்லை. அதே சிவப்புப் பனியன், அதே நாலு விரல், வண்ணம் தீட்டியவர் மறந்துபோய் வெள்ளையாகவே விட்டுவிட்ட அதே இடது காது. தங்கப்பழம் முதலில் அதன் வயிற்றைத்தான் பார்த்தார். ஒரே கோட்டில் இழுத்த வயிறு. தன் வயிற்றை எக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் எக்கிவைக்க முடியவில்லை.

"மதினி, சுகமா இருக்கீங்களா?" என்று கீரி அன்னக்கனியைக் கேட்டது. முன்பின் பார்த்திராத பெண்ணை முறை வைத்துக் கூப்பிடும் அதன் துணிச்சல் தங்கப்பழத்துக்குப் பிடிக்கவில்லை. அன்னக்கனிக்கோ முகமெல்லாம் பல். அந்த வெள்ளைக் காதைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். தொட்டாள். காதின் கோட்டு மை விரலில் ஒட்டியது. அதை அவள் கழுவவில்லை, அதையும் தங்கப்பழம் கவனித்தார்.

அன்றைக்கு வீட்டில் சீலாமீன் குழம்பு. கீரி மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டது. அத்தனையும் அந்தக் கோட்டு வயிற்றுக்குள் எங்கே போனதென்று தெரியவில்லை. கோடு கோடாகவே இருந்தது. டாக்டர் சொன்னதால் தங்கப்பழம் ஒரு கைப்பிடிச் சோற்றோடு எழுந்தார். அவருக்கு வயிறு எரிந்தது. மீன்குழம்பின் காரத்தால் அல்ல.

சாப்பிட்டபின் கீரி பின்கட்டுக்குப் போய்ப் பயிற்சி எடுத்தது. வரைந்தவற்றுக்கு மூச்சு கிடையாது. அதனால் கபடி கபடி என்று அது பாடத் தொடங்கினால் பாட்டு அறுவதே இல்லை. தங்கப்பழம் ஈஸிசேரில் சாய்ந்து, தானும் வாய்க்குள்ளே பாடிப் பார்த்தார். நாலாவது கபடியில் இருமல் வந்தது. அவர் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அன்னக்கனி வெண்டைக்காய் நறுக்கியபடி பின்கட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து நாளாகிவிட்டது. எந்த நாளிலாவது தன்னைப் பார்த்து அப்படிச் சிரித்திருக்கிறாளா என்று யோசித்தார். யோசித்திருக்கக் கூடாது. பிறகு, பேச்சுவாக்கில் கேட்பவரைப்போல, அந்தக் காலத்தில் கடைசிக் காட்சியைப் பார்த்தபோது அவளுக்கு என்ன தோன்றியது என்று கேட்டார்.

"கடைசில கீரி கோட்டுப் பக்கத்துல வாலக் கடிச்சிக்கிட்டு நிக்குமே, அதத்தான் பாத்துக்கிட்டே இருப்பேன்" என்றாள்.

"நான் பாடிப் போவேனே?"

"நீங்க முதலைக்கு அடியில கிடப்பிய. மொகமே தெரியாது."

"பொறவு என்னைய ஏன் கட்டிக்கிட்ட?"

"கீரிகூட வெளையாண்டவருன்னு சொன்னாவ" என்றாள். அவள் கத்தி ஒரு வெண்டைக்காய்கூட நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

தங்கப்பழம் பேப்பரில் இருந்த ஒரு விளம்பரத்தை மறுபடி மறுபடி வாசித்தார். இப்படியொரு பொறாமை அவருக்குத் தன் வாழ்நாளில் வந்ததில்லை. கூட ஆடியவர்களுக்குக் கோப்பை கிடைத்தபோதுகூட வந்ததில்லை. சாயங்காலம் கீரி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டு, 'அண்ணாச்சி, நாளைக்கு ஆசீர்வாதம் பண்ணுங்க' என்றது. கொஞ்சம் மரியாதைக் குறைவாகவாவது நடந்துகொண்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலைக்காட்சி. ஒரே காட்சிதான், முடிந்ததும் படப்பெட்டி அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். தியேட்டர் தண்ணீர்த் தொட்டியில் தங்கியிருந்த முதலைகள் ஈரத்தோடு வரிசையாகத் திரைக்குள் ஏறின. கீரி ஏறுவதற்கு முன் திரும்பி அன்னக்கனிக்குக் கையாட்டியது. ஓரிரு நாற்காலி தவிரத் தியேட்டர் நிறைந்திருந்தது.

படம் ஓடியது. திரையில் இருபத்து நாலு வயதுத் தங்கப்பழம் குதித்தான், விழுந்தான், எழுந்தான். தொடையெல்லாம் தேக்குக்கட்டை. பக்கத்தில் இருந்தவர்கள் திரையையும் நாற்காலியில் இருந்தவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அன்னக்கனி மட்டும் கீரியைத்தான் பார்த்தாள். கீரி எங்கே போனாலும் அவள் தலை கூடவே திரும்பியது. கடைசி ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் கீரி நின்று, நெற்றியைத் துடைத்து, கூட்டத்துக்குள் அவளைத் தேடிக் கண்டுபிடித்தது.

"மதினி, மீன்குழம்பு இன்னும் நாக்குலயே நிக்குது" என்றது.

தியேட்டரே திரும்பிப் பார்த்தது. அன்னக்கனி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தங்கப்பழம் எழுந்துவிட்டார்.

பார்க்க வந்தவர் யாரும் திரைக்குள் பாடிப் போகலாம், அதற்குத் தடை இல்லை. அப்படிப் போகிறவருக்குத் திரையின் அடிவிளிம்புதான் நடுக்கோடு. வெளியிலிருந்து போகிறவர் எதிரணியான முதலைகளுக்காக ஆடுவதாகக் கணக்கு. யாரும் போவதில்லை, அவ்வளவுதான், மூச்சு வேண்டுமே. அவர் பேன்ட்டை முழங்காலுக்கு மடித்து விட்டார். தியேட்டர் மேனேஜர் முன்வரிசைக்கு வந்து, செருப்பைக் கீழே விட்டுவிட்டுப் போகும்படியும் படத்தில் மண் ஒட்டினால் போகாது என்றும் பணிவாகச் சொன்னார். பாடிப் போக வேண்டிய முறை ஒரு முதலையுடையது. அது இவரைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டது.

தங்கப்பழம் தொடையைத் தட்டிவிட்டுக் கபடி கபடி என்று உள்ளே போனார். படப்பிடிப்பு நடந்த நாளின் வெயில் அங்கே அப்படியே இருந்தது. அவர் கண்ணில் கீரி ஒன்றுதான் பட்டது. அதைத் தொட்டு அவுட்டாக்கி வெளியே உட்கார வைக்க வேண்டும், வேறு ஆசை இல்லை. கீரி பின்வாங்கி மூலைக்குப் போனது. அவர் கையை நீட்டினார். நாலு விரல் தூரம்தான் பாக்கி.

யாரோ அவர் காலைப் பிடித்தார்கள். இடது கை குதிகாலில், வலது கை கணுக்காலில், நெஞ்சு தரையோடு. அந்தப் பிடி அவருக்குத் தெரியும். ஊர்ப் பையன்கள் எத்தனையோ பேருக்கு அவரே சொல்லிக் கொடுத்த பிடி. கடைசியில் தான் பாடிப் போனதையே வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தவர், அதற்குச் சற்று முன்னால் இதே இடத்தில் தான் போட்ட பிடியைச் சுத்தமாக மறந்துவிட்டிருந்தார். படத்தில் அன்று முதலையின் காலைப் பிடித்தவன் இன்று இவர் காலைப் பிடித்தான். எடுத்தது எடுத்தபடி அவன் செய்தான், அவனைக் குற்றம் சொல்ல முடியாது. தங்கப்பழத்தின் பாட்டு அறுந்தது.

அவுட்டானவர்கள் உட்காரும் பெஞ்சில் முதலைகள் நகர்ந்து இடம் கொடுத்தன. முதலைகளின் கேப்டன் நிலைமையை விளக்கியது. தன் அணி ஒரு புள்ளி எடுத்தால்தான் அவர் எழுந்து வெளியே வரலாம். இல்லாவிட்டால் பெட்டியோடு அடுத்த ஊருக்குப் போக வேண்டியதுதான்.

"எங்களுக்கு இன்னும் ஒரே ஒரு முறைதான் இருக்குது. அதுல வெறுங்கையோட திரும்பணும்னு கதை. வெளியாள் யாராவது வந்தாத்தான் உண்டு" என்றது.

அதற்கு முன் கீரியின் முறை. அது முதலைகள் பக்கம் பாடி வந்து, கிச்சுக்கிச்சு மூட்டப்பட்டு, உருண்டு புரண்டு திரும்பிப் போனது. கதையில் உள்ளதுதான். அன்னக்கனி அதற்கும் சிரித்தாள். புருஷன் பெஞ்சில் முதலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறான், அவள் சிரிக்கிறாள். தங்கப்பழத்துக்குக் காதில் புகை வராத குறை.

பிறகு அவள் கைப்பையைப் பக்கத்து சீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகினாள். தங்கப்பழத்துக்குப் புரிந்துவிட்டது. அவரை மீட்க வேண்டுமென்றால் அவள் அந்தப் பக்கம் யாரையாவது தொட்டுத்தான் ஆக வேண்டும். யாரைத் தொடுவாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கை கீரியின்மேல் படுவதைப் பார்ப்பதைவிடப் பெட்டிக்குள் சுருண்டு ஊர் ஊராகப் போவது மேல் என்று தோன்றியது.

"ஏளா, நீ வராண்டாம்" என்றார்.

அவள் அதற்குள் பாட ஆரம்பித்திருந்தாள். சோறு வெந்ததா என்று பதம் பார்க்கிற நிதானத்தில் கபடி கபடி என்று சொல்லிக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். கீரி தானாகவே முன்னால் வந்தது. சாப்பிட்ட சோற்றுக்கு நன்றியாக அவுட்டாகிவிடுவது என்று முடிவு செய்து, தலையைச் சாய்த்து வெள்ளைக் காதை நீட்டிக்கொண்டு நின்றது.

அன்னக்கனி அதைச் சுற்றிக்கொண்டு போனாள்.

இளைய தங்கப்பழம் இடுப்பில் கைவைத்து, புழுதி முகத்தோடு, அடுத்துத் தன் முறை என்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவன் மேல் முதலைகள் எதுவும் அப்போது இல்லை. அவள் அவன் எதிரில் போய் நின்று அந்த முகத்தைப் பார்த்தாள். அவள் பாட்டு கொஞ்சம் மெதுவானது, ஆனால் அறுந்துபோகவில்லை. பெஞ்சில் இருந்தவர் ஒவ்வொரு கபடியையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு விரலால் அவன் கன்னத்தைத் தொட்டாள். திரும்பி வந்து கோட்டைத் தாண்டினாள்.

தங்கப்பழம் எழுந்து வெளியே வந்தார். முன்வரிசையில் தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். வெளியாள் தொட்டு அவுட்டாகிவிட்டதால் இளையவனும் பின்னாலேயே இறங்கி வந்து ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் இடத்துக்கு வேறு ஆள் இல்லாததால் கடைசியில் கீரிதான் பாடிப் போனது. மூன்று முதலைகளை இழுத்துக்கொண்டு வந்து நாலு விரலில் ஒன்றால் கோட்டைத் தொட்டது. ஜனங்கள் முன்பு தங்கப்பழத்துக்குக் கைதட்டியதைவிடக் குறைவாகத் தட்டவில்லை. தன் அணி புள்ளி எடுத்துவிட்டதால் இளையவன் உள்ளே போக எழுந்தான். அதற்குள் திரையில் வணக்கம் போட்டுவிட்டார்கள்.

"கீரி பக்கத்துலயேதான நின்னுது?" என்று தங்கப்பழம் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

"அது அடுத்த ஊருல ஆடிப் பொழைக்கணும்லா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இவன் ஒங்க கால அப்படிப் பிடிச்சது எனக்குப் பொறுக்கல" என்றாள். அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. படம் போனால் போகிறது, கடைசிப் புள்ளியை அந்தக் கீரியே வைத்துக்கொள்ளட்டும் என்றுகூட நினைத்தார். அவள் இளையவனை ஒருமுறை திரும்பிப் பார்த்து, "ஆனா நல்ல லெட்சணமாத்தான் இருக்கான்" என்றாள்.

கீரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு பெட்டிக்குப் பின்னாலேயே பஸ் ஏறியது. கேமராவில் எடுக்கப்பட்டவர்கள் வெளியே மிஞ்சிப்போனால் எங்கே தங்குவது என்பதற்கு வழக்கம் எதுவும் இல்லை. மேனேஜர் இளையவனிடம் வீடு எங்கே என்று கேட்டார். அவன் தங்கப்பழத்தின் விலாசத்தைச் சொன்னான். சரிதானே என்று மேனேஜர் தங்கப்பழத்தைப் பார்த்தார். சரிதான் என்று அவர் தலையாட்டினார்.

வெளியே வந்து தங்கப்பழம் ஸ்கூட்டரை எடுத்தார். இளையவன் அன்னக்கனியையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வை தங்கப்பழத்துக்கு நன்றாகத் தெரியும், அவருடையதுதான். அவள் கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவனிடம் கொடுத்தாள். முகத்தில் புழுதி இருக்கிறது, துடை என்றாள். அவருக்குப் பின்னால் அவன் ஏறிக்கொண்டான், அவனுக்குப் பின்னால் அவள்.

ரயில்வே கேட் வரைக்கும் ஒன்றுமில்லை. கேட்டைத் தாண்டியதும் அவன் தலையைத் திருப்பி, "ஒங்க பேரு என்ன?" என்று கேட்பது தங்கப்பழத்தின் காதில் விழுந்தது. அவள் பெயரைச் சொன்னாள். கேட்காமலேயே அப்பா பெயரையும் ஊரையும் சேர்த்துச் சொன்னாள்.

தங்கப்பழம் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இறங்கி, ஹேண்டில்பாரை அவன் கையில் கொடுத்துவிட்டு, வயிற்றை எக்கிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். அவனிடம் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை.