கை ஆடிய படம்

என் ஸ்டூடியோவில் மனிதர்களைப் படம் எடுப்பதில்லை. வாசலிலேயே கொட்டை எழுத்தில் பலகை வைத்திருக்கிறேன். அப்படியும் அவ்வப்போது யாராவது உள்ளே எட்டிப் பார்த்து, "பாஸ்போர்ட் சைஸ் எடுப்பீங்களா?" என்று கேட்பார்கள். "வீட்ல நாய் இருந்தா கூட்டிட்டு வாங்க, அதுக்கு எடுத்துத் தர்றேன்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெருவில் பேர். நாய்களும் பூனைகளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்தத் தொழிலில் வெளியே சொல்லாத ஒரு சங்கதி உண்டு. காலண்டரில் ஒரு நாய் நாற்காலியில் தன்னந்தனியாக, சொத்துக்காரர் மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்த நாயும் தானாக அப்படி உட்காராது. நாற்காலிக்குப் பின்னால் கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஓர் ஆள் குந்தியிருப்பார். அவருடைய ஒரு கை மட்டும் வெளியே வந்து நாயின் மார்பைத் தாங்கிக்கொண்டிருக்கும். பிறகு கம்ப்யூட்டரில் அந்தக் கையை அழித்துவிட்டு அந்த இடத்தில் ரோமத்தை நிரப்பிவிடுவோம். என் படங்களில் கை இருந்த இடத்தை இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு.

அந்தக் கை என் தம்பியுடையது.

தம்பி தொட்ட தொழிலில் எல்லாம் கையைச் சுட்டுக்கொண்டவன். கடைசியாக ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். அதையும் இழுத்து மூடினார்கள். "ஒரு வாரம் சும்மா வந்து உக்காந்திருக்கேன்க்கா" என்று ஸ்டூடியோவுக்கு வந்தான். அந்த ஒரு வாரம் பத்து வருஷத்துக்கு மேல் நீண்டுவிட்டது. கடிக்கிற நாய், பிறாண்டுகிற பூனை, டாக்டரையே ஓட விட்ட முயல், எதுவானாலும் அவன் கையில் போய் உட்கார்ந்துகொள்ளும். வாடிக்கையாளர்கள் அவன் பேரைக்கூடக் கேட்டுக்கொண்டதில்லை. "கைக்காரர் இருப்பாரா? அவர் இருந்தாத்தான் கூட்டிட்டு வருவோம்" என்பார்கள். படம் எடுப்பவள் இருப்பாளா என்று ஒருவரும் விசாரித்ததில்லை.

அவனிடம் ஒரு கெட்ட பழக்கம். சத்தமே இல்லாமல் சிரிப்பான். வாயை இறுக மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிப்பான். நாய் என் பக்கம் திரும்ப வேண்டுமென்றால் நான் ஏதாவது சத்தம் போட வேண்டும். ஐம்பதைத் தாண்டிய பெண்பிள்ளை தரையில் முட்டி போட்டுக்கொண்டு கோழி மாதிரி கொக்கரித்தால் எப்படி இருக்கும்? துணிக்குள்ளிருந்து அவனுக்குப் பொத்துக்கொண்டு வரும். துணி குலுங்கும், கை குலுங்கும், கையோடு நாயும் குலுங்கும். படம் பாழ்.

"கையை ஆட்டாதடா."

"ஆட்டலையேக்கா."

"பின்ன என்ன, நாயா சிரிக்குது?"

அதற்கும் சேர்த்து இன்னொரு குலுக்கல். அதுவும் பாழ்.

ஆடிய படங்களை அப்போதைக்கப்போது அழிக்க எனக்கு நேரம் இருக்காது. எல்லாம் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். வருஷக் கடைசியில் கடையைச் சாத்திவிட்டு உட்காருவேன். கையை எடுத்து முடித்த படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, எடுத்தபடியே இருப்பவை, ஆடியவை, கண் மூடியவை எல்லாவற்றையும் மொத்தமாகக் கழித்துக்கட்டுவேன். அப்போதுதான் அடுத்த வருஷத்துக்கு இடம் கிடைக்கும்.

இந்த வருஷத்தின் நடுவில் தம்பி செத்துப்போனான். காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலில் உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அன்று மதியம் இரண்டு பூனைகளுக்கு நேரம் கொடுத்திருந்தோம். இப்படி நடுவில் விட்டுவிட்டுப் போவான் என்று நினைக்கவில்லை. அழுகை அப்புறம்தான் வந்தது, வந்தபின் நிற்கவில்லை.

வீட்டு முன் அறையில் வைக்க அவன் படம் ஒன்று வேண்டும் என்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காலமெல்லாம் படம் எடுப்பவள் கூடப்பிறந்தவனை ஒரு படம் எடுத்திருக்க மாட்டாளா? எடுக்கவில்லை. கேமராவை அவன் பக்கம் திருப்பினால் துணிக்குள் புகுந்துகொள்வான். கல்யாணப் படங்களில்கூடக் குனிந்த தலை நிமிரவில்லை, கல்யாணப் பெண் நிமிர்ந்திருக்கிறாள். கடைசியில் கிடங்கு வேலைக்குக் கொடுத்த அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கினோம். அதில் எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன் மாதிரி விழிக்கிறான்.

அவன் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள் என்னிடம் வந்தாள்.

"அத்தை, இது அப்பா மாதிரியே இல்ல. அப்பா சிரிக்கற மாதிரி ஒண்ணு உங்ககிட்ட இருக்கும்ல?"

"இருக்கும்டி. தேடித் தர்றேன்."

இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு வேலை இழுபறியாகத்தான் ஓடியது. சம்பளத்துக்கு ஓர் ஆளை வைத்தேன். ஒரு சாம்பல் பூனை அவனை முதல் நாளே வேலையை விட்டு அனுப்பியது. வளர்ப்பவர்களையே துணிக்குள் உட்கார வைத்துப் பார்த்தேன். பெரிய உத்தியோகத்தில் இருக்கும் ஒருவர் உள்ளே தும்மிய தும்மலில் அவர் நாய் அடுத்த தெருவரை ஓடியது. நான் கொக்கரித்தால் எல்லாரும் மரியாதையாக அசையாமல் இருந்தார்கள். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. நல்ல படங்களும் விழுந்தன, பொய் சொல்லக் கூடாது. ஆனால் தம்பி இருந்தபோது எடுத்த படங்கள் பக்கம் நான் போகவே இல்லை. வருகிற போதெல்லாம் "தேடினீங்களா அத்தை?" என்று கேட்டுக்கொண்டிருந்த பெண், ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். அவள் கேட்டுக்கொண்டிருந்ததே தேவலை.

வருஷக் கடைசியில் தம்பி மனைவிக்கு வெளியூருக்கு மாற்றல் வந்தது.

"ஞாயித்துக்கிழமை கிளம்பறோம் அண்ணி. போறதுக்கு முன்னாடி பொண்ணு உங்களை ஒரு தடவை பாக்கணும்ங்கறா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் அந்தப் பெண்ணுக்கு ஒரு படம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இல்லை என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். கொடுக்கப் படம் இல்லை, சொல்லத் துணிவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர் ஒருவர் வந்தார். வருஷ ஆரம்பத்தில் தன் நாய் குண்டனைக் கூட்டி வந்து படம் எடுத்துக்கொண்டவர். பேருக்கு ஏற்றபடி பருத்த பழுப்பு நாய், தாடை மார்பு வரைக்கும் தொங்கும். போன மாதம் அது போய்விட்டதாம். சுவரில் மாட்ட அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். முடித்த படம் சின்ன அளவில்தான் இருந்தது. பெரிதாக வேண்டுமென்றால் எடுத்தபடியே இருப்பதைத் திறந்தாக வேண்டும். அவரை உட்கார வைத்துவிட்டு முடியாது என்று எப்படிச் சொல்வது? திறந்தேன்.

குண்டன் திரை முழுக்க உட்கார்ந்திருந்தான். அவன் மார்புக்குக் கீழே என் தம்பியின் கை. அகலமான நகங்கள், கதவில் நசுங்கி வளைந்துபோன சுண்டுவிரல், மணிக்கட்டில் பூனைக் கீறல்கள், டேப் சுற்றி ஒட்டுப்போட்ட வாட்ச் பட்டை. இந்தக் கையின் ஒவ்வொரு சுருக்கமும் எனக்கு மனப்பாடம். பெரிதாக்கிப் பெரிதாக்கி அழித்தவள் நான்தானே.

"ரெண்டு நாள் குடுங்க. இந்தக் கையை எடுத்துட்டுப் போட்டுத் தர்றேன்" என்றேன்.

அவர் திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார். "எடுக்காதீங்க மேடம். இப்படியே குடுங்க."

"இது முடிக்காத படம். இதை வெளிய குடுக்கறதில்ல."

"முடிச்சது வீட்ல இருக்கு. அழகாத்தான் இருக்கு, இல்லைங்கல. ஆனா பாக்கறப்பல்லாம் என்னமோ உறுத்தும். இப்பத்தான் தெரியுது. இவன் ஒரு நிமிஷம் தனியா உக்கார மாட்டான். பாத்ரூமுக்குக்கூட கூடவே வருவான். அந்தப் படத்துல பாவம், தனியா உக்காந்திருக்கான்." சுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார், "கைக்காரர் எங்க, லீவா?"

சொன்னேன்.

"அப்ப சத்தியமா எடுக்காதீங்க" என்றார்.

என் தலைக்கனத்துக்கு அது நல்ல அடி. ஆனாலும் அந்தக் கையோடு சேர்த்தே பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைச் சுருட்டாமல், இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியிறங்கினார்.

அவர் போனபின் நான் எதையும் மூடவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பொமரேனியனைத் தாங்கும் கை, முயல் காதுக்குப் பின்னால் ஒரு விரல், கிளி உட்கார்ந்த மணிக்கட்டு. ஒரு மாதத்தில் விரல் நகங்களில் நீல நகப்பூச்சு இருந்தது, மகளின் கைவரிசை. அதைத் துடைக்கக்கூட மனசில்லாமல் வேலைக்கு வந்தவன். அன்றைக்கு நான் நன்றாகத் திட்டினேன், நகத்தை அழிப்பது இரட்டை வேலை என்று. பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. ஆனால் அவள் கேட்டது கை இல்லை. அவள் கேட்டது சிரிப்பு. இருப்பதில் ஆடாமல் அசையாமல் பளிச்சென்று விழுந்த சிலவற்றைப் பொறுக்கி பிரிண்ட் போட்டு மேசையில் வைத்தேன். மீதியைக் கழிக்க வேண்டியவற்றோடு ஒதுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தாள். அவள் அம்மா வெளியே வண்டியில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பெண் நேராக மேசைக்குப் போனாள்.

"அப்பா கை" என்றாள். நீல நகங்களைத் தடவிப் பார்த்தாள். "இது நான் போட்டுவிட்டது." எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் கேட்டாள், "முகம் இல்லையா அத்தை?"

"இல்லடி கண்ணு. நான் ஒண்ணுகூட எடுக்கல. இருக்கும்னு அன்னைக்குச் சொன்னது உன் சமாதானத்துக்கு."

தலையை ஆட்டினாள். படங்களை அடுக்கி உறைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தாள். கழிக்க வேண்டியவை திரையில் வரிசையாகத் திறந்து கிடந்தன.

"இதெல்லாம் என்ன?"

"அது ஆடிப்போனது. ஒண்ணுக்கும் உதவாது."

ஒன்றைப் பெரிதாக்கினாள். குண்டன்தான், ஆனால் ஒரே மங்கல். தாடை இரண்டாகத் தெரிந்தது. கை ஒரு தீற்றலாக இழுபட்டிருந்தது. பின்னால் கறுப்புத் துணி, பிடித்து உலுக்கிய மூட்டை மாதிரி. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. போச்சு, பெண்ணை அழ வைத்துவிட்டேன் என்று பக்கத்தில் போனேன்.

அழவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு, சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அப்பா சிரிக்கறாரு."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்ததைத் திறந்தாள். "இதுலயும்." அதற்கடுத்தது. "இதுல ரொம்ப." ஆரம்பத்திலிருந்து பாதி வருஷம் வரைக்கும், நான் பாழ் என்று தள்ளி வைத்த ஒவ்வொன்றிலும் என் தம்பி துணிக்குள்ளே விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"எதுக்கு அத்தை இப்படிச் சிரிச்சாரு?"

"என்னைப் பாத்துத்தான். கோழி மாதிரி கத்துவேன்."

"எப்படி?"

வெளியே வண்டி ஹாரன் அடித்தது. முட்டி வலியோடு தரையில் மண்டி போட்டு, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டிக் கொக்கரித்தேன். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் குண்டன் படத்தையே கேட்டாள். இருப்பதிலேயே பெரிய தாளைப் போட்டேன். பிரிண்டர் மெதுவாக வெளியே தள்ளியது. நான் எட்டுவதற்குள் அவளே இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. தாள் படபடவென்று அடித்துக்கொண்டது.

"கையை ஆட்டாதடி. மை காயல."

வாயை இறுக மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு என்னைப் பார்த்தாள்.

"ஆட்டலையே அத்தை."