கௌஸ் மைதீன் காருக்கு மாட்டிய ஃபேன்

பழவேற்காட்டில் கௌஸ் மைதீனுக்கு இரண்டு சொத்து இருந்தது. ஒன்று, முப்பாட்டனார் கப்பலில் துணி ஏற்றி அனுப்பியவர் என்ற பேச்சு. இன்னொன்று, வாப்பா விட்டுப்போன ஐம்பத்திரண்டாம் வருஷத்து இங்கிலீஷ் கார். பேச்சுக்குப் பெட்ரோல் வேண்டாம் என்பதால் அதைத் தினமும் ஓட்டுவார். காரை வெள்ளிக்கிழமை மட்டும் எடுப்பார். வீட்டிலிருந்து பள்ளிவாசல் வரைக்கும். அந்தத் தூரத்தை நடந்தே இன்னும் சீக்கிரம் போய்விடலாம்.

அவர் மனைவி நூருன்னிசா பொன்னேரிக்காரி. அவள் வாப்பா அங்கே லாரி ஷெட் வைத்திருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் புகுந்த வீட்டில் அவள் பெயர் 'லாரிக்காரன் மக'தான். குழம்பில் புளி கூடிப்போனால்கூட, “இது லாரி ஷெட்டுப் புளி” என்பார் கௌஸ் மைதீன். புருஷன் குடும்பம் பழைய துணிக் கிடங்கை விற்று, பிறகு கிடங்குக் கதவையும் விற்றுச் சாப்பிட்டது அவளுக்குத் தெரியும். பல மாதம் அந்த வீட்டு அரிசி பொன்னேரி லாரியில்தான் வந்து இறங்கியது. அவள் சொல்லிக்காட்டியதில்லை. பொறுமையால் அல்ல. சண்டை போடுகிற அளவுக்குக்கூட இந்த மனுஷன் ஒரு ஆள் இல்லை என்று நினைத்தாள்.

எண்பத்து மூன்றில் கௌஸ் மைதீனின் தங்கை மகனுக்கு நிக்காஹ் நிச்சயமானது. மாப்பிள்ளை ஊர்வலம் தன் காரில்தான் என்று அவர் அறிவித்துவிட்டார். கேட்டவர்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். முந்தின வருஷம் இன்னொரு ஊர்வலத்தில் அதே கார் நத்தை மாதிரி ஊர்ந்து, பாதி வழியில் கொதித்து, பானெட் இடுக்கெல்லாம் ஆவி கிளம்பி, மாப்பிள்ளை இறங்கி நடந்தே போனார். “மாப்ள வெந்துட்டாருடோய்!” என்று மீன் ஏலம் போடுகிற இடத்திலிருந்து எவனோ கத்தினான். கௌஸ் மைதீனுக்கு அது இன்னும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

வழி சொன்னவன் அவருடைய பெரியப்பா மகன் இனாயத்துல்லா. அபுதாபியிலிருந்து லீவில் வந்திருந்தான். அங்கே ஒரு பெரிய ஷோரூமில் கார்களைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லுவான். பார்த்துக்கொண்டிருந்தது உண்மைதான். என்ஜினைத் தொட்டதாக அவனும் சொன்னதில்லை.

“அண்ணே, அங்கெல்லாம் இப்ப பெல்ட்ல சுத்துற ஃபேனே கெடையாது. கரண்டு ஃபேன்தான். நீங்க வண்டிய மெதுவா ஓட்டுனா என்ஜின் மெதுவா சுத்துது, பெல்ட் ஃபேனும் மெதுவா சுத்துது, அதான் கொதிக்குது. கரண்டு ஃபேனுக்கு அந்தக் கவலையே இல்ல. வண்டி நின்னாலும் அது பாட்டுக்கு சுத்தும்.”

அதுவரை அவன் சொன்னது சரி. அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

இருவரும் மெட்ராஸுக்குப் போய், புதுப்பேட்டையில் ஏதோ ஒரு வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றின ஃபேனை வாங்கி வந்தார்கள். நிக்காஹுக்கு முந்தின நாள் வீட்டு வாசலில் வேலை நடந்தது. இனாயத்துல்லா நாற்காலியில் உட்கார்ந்து கூலிங் கிளாஸைக் கழற்றாமல் உத்தரவு போட்டான். கௌஸ் மைதீன் ஸ்பேனரைச் சோற்றுக் கரண்டி மாதிரி பிடித்துக்கொண்டு திருகினார். பழைய இரும்பு ஃபேன் கழன்று வந்தது. ரேடியேட்டருக்குப் பின்னால் அதே இடத்தில் புதியதை இரும்புப் பட்டை வைத்து இறுக்கினார்கள். சிவப்பு ஒயரைச் சுவிட்சுக்குக் கொடுத்தார்கள். கறுப்பு ஒயரைக் கார் பாடியில் சேர்த்து முறுக்கினார்கள்.

“போடுங்கண்ணே!”

கௌஸ் மைதீன் என்ஜினைக் கிளப்பிவிட்டுச் சுவிட்சைத் தட்டினார். ஃபேன் அலறிக்கொண்டு சுற்றியது. இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் நூருன்னிசா டீ எடுத்துக்கொண்டு காருக்கு முன்னால் வந்தாள். அவள் மேலே போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியின் முனை காரை விட்டு விலகிப் படபடத்தது. சூடான காற்று முகத்தில் அடித்தது. ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிற ஃபேன் எதிர்க்காற்றை உள்ளே இழுக்க வேண்டும். இது என்ஜின் சூட்டை வாரி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. பழைய இங்கிலீஷ் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவைத்தான் பாடிக்குக் கொடுத்திருப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவள் அண்ணன் அப்படி ஒரு வண்டியில் ரேடியோ மாட்டிப் புகைய விட்டு, வாப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறான். இதிலும் அதே கோளாறுதான். கரண்டு மாறிப் பாய்ந்து மோட்டார் தலைகீழாகச் சுற்றியது.

“இன்னாங்க, காத்து வெளியே வருது பாருங்க. அந்த ரெண்டு ஒயரையும் மாத்திப் போடணும்.”

இனாயத்துல்லா சிரித்தான். “காத்துல உள்ள இன்னா, வெளிய இன்னா மதினி? வந்தா போதாதா?”

“அவன் அபுதாபில பாத்தவன்,” என்றார் கௌஸ் மைதீன். “நீ பொன்னேரில பாத்தவ. டீய வெச்சிட்டு உள்ள போ.”

அவள் டீயை வைத்துவிட்டு உள்ளே போனாள். இரண்டாம் தடவை சொல்லவில்லை. ராத்திரி அவர் தானே மெக்கானிக் ஆகிவிட்டது பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டபோதும் சொல்லவில்லை. நாளைக்கு நடுத்தெருவில் அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைக்க அவளுக்கு இனிப்பாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து ஊர்வலம் கிளம்பியது. பேண்டு வாத்தியம் முன்னால். பூச்சரம் தொங்கும் காருக்குள் மாப்பிள்ளை. ஸ்டியரிங்கில் வாப்பாவின் துருக்கித் தொப்பியோடு கௌஸ் மைதீன். பெண்கள் பின்னால் நடந்தார்கள். தெரு கிழக்கே திரும்பியதும் கடல்காற்று நேராக எதிரே வீசியது. கடல்காற்று உள்ளே வரப் பார்த்தது, ஃபேன் அதை வெளியே நெட்டித் தள்ளியது. ரேடியேட்டரில் காற்றோட்டமே இல்லாமல் போயிற்று. பழைய பெல்ட் ஃபேன் இருந்திருந்தால்கூட இதைவிடத் தூரம் போயிருக்கும். மீன் ஏலம் போடுகிற இடத்துக்கு நேரே கார் விசில் அடித்து, குலுங்கி நின்றது. மாப்பிள்ளை கதவைத் திறந்துகொண்டு குதித்து நடுரோட்டுக்கு ஓடினான்.

ஏலக்காரர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். கூட்டத்துக்குள் நூருன்னிசாவும் துப்பட்டிக்குள் சிரித்தாள்.

லைட்ஹவுஸ் குப்பத்து நீலமேகம் மடவை மீன் விற்றுவிட்டு அங்கே நின்றிருந்தான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி லோகநாயகி. கௌஸ் மைதீன் பானெட்டைத் தூக்கினார், ஆவியைப் பார்த்தார், தன் வெள்ளை ஜிப்பாவைப் பார்த்தார், பிறகு நீலமேகத்தைப் பார்த்தார்.

“ஏய், இங்க வா. இந்த ரேடியேட்டர் மூடியத் தொற.”

“கொதிக்குது பாய். கொஞ்சம் ஆறட்டும்.”

“மாப்ள நடுரோட்ல நிக்கிறாரு, உனக்கு ஆறணுமா? தொறடா!”

நீலமேகம் துண்டைச் சுற்றிக்கொண்டு மூடியில் கை வைத்தான். நூருன்னிசா சிரிப்பை நிறுத்தி, “தொறக்காத!” என்று கத்தினாள். பேண்டுக்காரர்கள் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவள் குரல் யாருக்கும் கேட்கவில்லை. மூடி பறந்தது. கொதிநீர் பீறிட்டு நீலமேகத்தின் வலது கையை விரலிலிருந்து தோள்வரை நனைத்தது.

அவன் கத்தவில்லை, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். லோகநாயகிதான் கத்தினாள். பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து அவன் கையில் ஊற்றினார்கள். இனாயத்துல்லாவைத் தேடினால் காணோம்.

“மெதுவாத் தொறக்கத் தெரியாதா இவனுக்கு?” என்றார் கௌஸ் மைதீன்.

“பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போணும். கார் இருக்குதில்ல?” என்றாள் நூருன்னிசா.

“இந்தக் கார்லயா? சீட்டெல்லாம் புது ரெக்ஸின். மீன் கவிச்சியோட ஏத்தச் சொல்றியா? பஸ் வரும்.”

அவள் அவரை ஒரு தடவை பார்த்தாள். கல்யாணத்திலிருந்து அவரை இவ்வளவு கவனமாக அவள் பார்த்ததில்லை. பிறகு துப்பட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தாள். கறுப்பு ஒயரைப் பாடியிலிருந்து பிரித்துச் சுவிட்சு ஒயரோடு முறுக்கினாள், சிவப்பைப் பாடியில் முறுக்கினாள். என்ஜின் கொஞ்சம் ஆறியதும் கிளப்பி, ஓடவிட்டபடியே சிறுகச் சிறுகத் தண்ணீர் ஊற்றினாள். சுவிட்சைப் போட்டதும் காருக்கு முன்னால் தொங்கிய பூச்சரம் உள்ளே இழுக்கப்பட்டு கிரில்லில் ஒட்டிக்கொண்டது.

“நூரு, இன்னா காரியம் பண்ற? ஊரு பாக்குது!”

“ஊருக்காகத்தான ஃபேனு மாட்டுனீங்க? பாக்கட்டும்.”

பொன்னேரி ஷெட்டுக்குள்ளே அண்ணன்மாரோடு அவள் லாரியை முன்னும் பின்னும் எடுத்திருக்கிறாள். ரோட்டில் ஓட்டியதில்லை. நீலமேகமும் லோகநாயகியும் பின்சீட்டில் ஏறியதும் வண்டியை எடுத்தாள். பொன்னேரி வரைக்கும் கார் கொதிக்கவில்லை.

பாதி வழியில் லோகநாயகி கேட்டாள். “அந்த ஒயர மாத்தணும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும். நேத்து சொன்னேன். கேக்கல.”

“அப்பால?”

“அப்பால சொல்லல.”

“ஏன்?”

நூருன்னிசா ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள். “அந்த ஆளு அவமானப்படட்டும்னு.”

லோகநாயகி முந்தானையால் புருஷன் கைக்கு விசிறினாள். பிறகு, “உம் புருஷன் ஒரு கழுதன்னு ஊருக்கே தெரியும். அதக் காட்டுறதுக்கு எம் புருஷன் கை வேணுமா?” என்றாள்.

“வுடு லோகா,” என்று நீலமேகம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். “அவங்க ரோட்டப் பாக்கட்டும்.”

அந்த வீட்டில் எத்தனையோ பேச்சு கேட்டு, எதையும் தூசியாகத் தட்டிவிட்டவள் நூருன்னிசா. இதைத் தட்ட முடியவில்லை. லோகநாயகியின் குரலில் கோபம்கூடக் குறைவாகத்தான் இருந்தது. தான் கௌஸ் மைதீனைப் பற்றி நினைக்கும்போது மனசுக்குள் எந்தக் குரலில் நினைப்பாளோ, அதே குரல்.

கை பிழைத்தது. ஆனால் தோல் உரிந்து, மழைக்காலம் வரை நீலமேகம் மீன் பிடிக்க ஏரிக்குப் போகவில்லை. நூருன்னிசா படகில் ஏறி அக்கரைக் குப்பத்துக்கு அரிசி கொண்டு போனாள். லோகநாயகி வாங்கி உள்ளே வைத்தாள். “அரிசி மேல எனக்குக் கோவம் இல்ல,” என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

இனாயத்துல்லா லீவு முடியும் முன்பே கிளம்பிவிட்டான். கார் கொதிக்காமல் ஓடுகிறது என்பது தெரிந்ததும் கௌஸ் மைதீனுக்குத் தெம்பு வந்துவிட்டது. ஒரு நாள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடம், “கரண்டு ஃபேனு. ஜில்லாவுலயே மொத மொதல்ல நான்தான் மாட்டினேன், என் கையாலயே,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நூருன்னிசா கதவருகே வந்து நின்றாள். “தலைகீழா மாட்டினாரு. எனக்குத் தெரியும், நான் கம்முனு இருந்தேன். அதுல நீலமேகம் கை வெந்துபோச்சு. ஒயர மாத்தினது நான்.”

விருந்தாளிகள் டம்ளருக்குள் பார்த்தார்கள்.

“லாரிக்காரன் மக,” என்றார் கௌஸ் மைதீன், அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிற தோரணையில்.

“ஆமாம்,” என்று சொல்லிவிட்டு அவள் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அன்று பொன்னேரி ஆஸ்பத்திரியில் நீலமேகத்துக்கு வாராவாரம் கட்டு மாற்றுகிற நாள். படகுத்துறையில் அவனும் லோகநாயகியும் காத்திருந்தார்கள். லோகநாயகி வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். கதவை அறைந்து சாத்தினாள்.

“போன வாரம் மாதிரி பள்ளத்துல வுடாத,” என்றாள். “அவருக்குக் கை வலிக்குது.”