சந்தூக்கு வைத்த கல்

எங்கள் ஊர் தாஷ்பெலெனுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுகிற வாடையை வெளியூர்க்காரர்கள் கடல் காற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். கால்வாயில் கொட்டிய அழுகல் தக்காளியும் பூச்சிமருந்தும் எரித்த பிளாஸ்டிக்கும் சேர்ந்த நாற்றம் அது. மலைச்சரிவில் இரண்டாயிரம் வருஷத்துக் கல்லறைகளை வரிசையாகக் குடைந்து வைத்திருக்கிறார்கள்; எட்டிப் பார்த்தால் உள்ளே காலி மருந்து டப்பாக்கள். போன வருஷம் நகரசபை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் தக்காளி வைத்து, கீழே ‘மண்ணும் மரபும் எங்கள் பெருமை’ என்று எழுதினார்கள். அந்தக் கண்றாவிக்குக் கலவை ஊற்றியவன் நான்தான்.

என் பெயர் நெஜ்மி. கலவை லாரி ஓட்டுகிறேன். எங்கள் ஊரில் பசுமைக்குடில் போட எங்கே தோண்டினாலும் பழங்காலத்துச் சாமான் ஏதாவது தட்டுப்படும். தூண், சுவர், மண்ஜாடி, ஏதோ ஒன்று. மியூசியத்துக்குத் தெரிந்தால் வந்து பலகை நட்டுவிடுவார்கள். அப்புறம் அந்த நிலத்தில் ஒரு கம்பி ஊன்ற முடியாது, இருக்கிற குடிலையும் பிரித்துப் போட்டுவிட வேண்டியதுதான். அதனால் கடப்பாரை கல்லில் பட்டதுமே தோண்டுவதை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்வார்கள். “நெஜ்மி, தரை கொஞ்சம் ஈரமா இருக்கு, வந்துட்டுப் போ” என்பார்கள். அதற்குமேல் நானும் கேட்பதில்லை. மதியத் தொழுகைக்குள் ஊற்றி மட்டம் தட்டிவிட்டு வந்துவிடுவேன். இருபத்திரண்டு வருஷமாக இந்தத் திருட்டுத்தனம் நடக்கிறது. ஊரில் முக்கால்வாசிப் பேர் வீட்டுத் தரைக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நகரசபைத் தலைவர் ருஷ்து கூப்பிட்டார். கால்வாய்க்கு வடக்கே இருப்பது அவர் நிலம். போய்ப் பார்த்தால் பெரிய கூடம் அளவுக்குப் பொடிப்பொடி வண்ணக் கற்களை அடுக்கிய தரை. சுற்றிலும் மீன்கள், நடுவில் ஒரு பெண்ணின் முகம். ஈர மண்ணைக் கையால் துடைத்தேன். அந்தக் கண்கள் என்னையே பார்த்தன. ருஷ்து எந்நேரமும் சூரியகாந்தி விதை கொறிப்பவர். தொலியை அந்த முகத்தின்மேலேயே துப்பினார்.

“என்னய்யா பாத்துக்கிட்டே நிக்கிற? உன் மாமியாரா? ஊத்து.”

ஊற்றினேன். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது.

இந்த வசந்தத்தில் மியூசியத்திலிருந்து கடிதம் வந்தது. ஏதோ பழைய வரைபடத்தில் எங்கள் கால்வாய்ப் பக்கம் பெரிய கட்டடம் ஒன்று குறித்திருக்கிறதாம். வந்து தேடுவார்களாம், கிடைக்கிறவரை விடமாட்டார்களாம். கால்வாய்க்கு வடக்கே ருஷ்துவின் குடில்கள். தெற்கே என் தங்கை ஷெரிஃபேயின் முக்கால் ஏக்கர். அதில் ஒரே ஒரு குடில், குடில் முழுக்க மிளகாய். புருஷன் கடலோடு போன பிறகு இரண்டு பெண்களையும் அந்த மிளகாயை வைத்துத்தான் படிக்கவைக்கிறாள். அவளுக்கு வேறு நாதி கிடையாது.

மியூசியத்திலிருந்து வந்தவள் இல்காய் என்ற பெண். முப்பது வயதுக்குமேல் இருக்காது. முழங்கால்வரை பூட்ஸ், கையில் ஒரு பிரஷ். ருஷ்து அவளை வடக்குப் பக்கம் திரும்பவே விடவில்லை. “மேடம், ஷெரிஃபே நிலத்து ஓரத்துல என்னமோ கல்லு தெரியுதுன்னு ஜனங்க பேசிக்கிறாங்க” என்று நேரே ஷெரிஃபேயின் நிலத்துக்குக் கூட்டிப்போனார். பின்னாலேயே ஊர் ஆம்பிளைகள் நாற்பது பேர். வேடிக்கை என்றால் எங்களுக்கு வேலைவெட்டி மறந்துவிடும். ஷெரிஃபே குடில் வாசலில் கையில் மிளகாய்க் கூடையோடு திகைத்துப்போய் நின்றாள்.

இரண்டு முழம்கூடத் தோண்டவில்லை. வெள்ளைக் கல் ஒன்று தலை காட்டியது. மண்ணைத் தள்ளத் தள்ள நீளமாக வந்தது. பக்கவாட்டில் பூமாலையும் காளைத் தலைகளும் செதுக்கியிருந்தன. ஒரு மூலை உடைந்திருந்தது.

எனக்குப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அது எங்கள் பள்ளிவாசல் முற்றத்துக் கல். எந்தக் காலத்திலோ எவனோ இடிபாட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து போட்டது. யாராவது இறந்தால் ஜனாஸாத் தொழுகைக்கு மய்யித்தை எடுத்து வந்து, சந்தூக்குப் பெட்டியை அதன்மேல்தான் வைப்போம். என் அப்பாவை அதன்மேல் வைத்திருக்கிறேன். அங்கே நின்ற நாற்பது பேரும் அவரவர் அப்பனை அதன்மேல் வைத்தவர்கள். போன இலையுதிர்காலத்தில் ருஷ்து புதுசாகப் பளபளவென்று கறுப்புக் கல் ஒன்றைத் தானம் செய்தார். பழையது நகரசபைக் கொட்டகைக்குப் பின்னால் கிடந்தது; இப்போது என் தங்கை நிலத்தில் புதைந்து கிடக்கிறது. அந்த மூலையை உடைத்தது சந்தூக்கு வண்டி ஓட்டும் ஹாரூன்தான். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இடித்துவிட்டான்.

ஷெரிஃபேக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. ஜனாஸா நடக்கும்போது பெண்களை முற்றத்துக்குள் விடுவதில்லை. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அழுதுவிட்டுப் போய்விடுவார்கள்.

இல்காய் உடைந்த மூலையைத் தடவிப் பார்த்தாள். “இந்த உடைப்பு புதுசா இருக்கே. மண்ணும் கிளறுன மாதிரி இருக்கு.”

“கலப்பை பட்டிருக்கும் மேடம்” என்றார் ருஷ்து.

அவள் எழுந்து எங்களைப் பார்த்தாள். அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, அது முகத்திலேயே தெரிந்தது. “உங்கள்ல யாராச்சும் இந்தக் கல்லை இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?”

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தொழுகைக்கு முன்னால் இமாம் அந்தக் கல்லருகே நின்று, “இவரை எப்படிப்பட்டவராக அறிந்தீர்கள்?” என்று கேட்பார். “நல்லவராக அறிந்தோம்” என்று எல்லோரும் சொல்வோம். பெண்டாட்டியை மிதித்தவன், பக்கத்து நிலத்தை வளைத்தவன், எவனாக இருந்தாலும் நல்லவன்தான். கேட்ட வாய்க்குப் பதில் வராமல் இருந்ததே இல்லை. அதே வாய்கள் இப்போது பசை போட்டு ஒட்டியது மாதிரி இருந்தன. இமாம் லுத்ஃபி தஸ்பீஹ் மணியை எண்ணத் தொடங்கினார்.

முதலில் ஹாரூன்தான் வாயைத் திறந்தான். “இல்ல மேடம். இப்பத்தான் பாக்கறேன்.” இடித்தவனே அவன்!

“அழகா இருக்கே, காளையெல்லாம் போட்டு” என்றான் சலூன்காரன். “நாங்க எங்க மேடம் இதையெல்லாம் பாத்தோம்” என்றான் இன்னொருவன். ஒவ்வொருவனாக இல்லை என்று தலையை ஆட்டினார்கள். தேடல் இங்கேயே முடிந்தால் அவனவன் தரை தப்பிக்கும். ஒரு விதவையின் மிளகாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது. வியர்வையும் புகையிலையும் கலந்த அந்தக் கும்பலின் வாடையே குமட்டியது.

அப்போது ஷெரிஃபே கூடையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

“மேடம், எங்கண்ணனைக் கேளுங்க. இந்த ஊர்ல எந்த நிலத்துல என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாம இருக்காது. எங்கண்ணன் சொல்லட்டும், நான் ஒத்துக்கறேன்.”

இல்காய் என் பக்கம் திரும்பினாள். ருஷ்து ஒரு விதையைக் கடித்துத் துப்பினார். “சொல்லு நெஜ்மி. தரை விஷயமெல்லாம் உனக்குத்தான அத்துப்படி?”

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. நான் வாயைத் திறந்தால் அவரும் திறப்பார். இருபத்திரண்டு வருஷக் கலவையும் என் தலையில் வந்து விழும்.

“தெரியாது மேடம்” என்றேன். “பாத்ததில்ல.”

ஷெரிஃபே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டாள். இல்காய் நீளப் பெருமூச்சு விட்டுத் தாளில் எழுதினாள்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. இருபது நாளில் குடிலைப் பிரிக்க வேண்டும். அன்று தேநீர்க்கடையில் ருஷ்து என் தோளில் கை போட்டார். அந்தக் கை ஈரமாக இருந்தது. “பாதை போடணும், பாக்க வர்றவங்களுக்கு மேடை கட்டணும். கலவை முழுக்க உன்னோடதுதான், கவலப்படாத.” ஹாரூன் ஹிஹி என்று சிரித்தான். “நம்ம அப்பனுங்க ஓசியில படுத்தானுங்க, இனிமே வெள்ளைக்காரன் டிக்கெட் வாங்கிப் பாப்பான்!” கடையே சிரித்தது. இமாமும் மீசைக்குள் சிரித்ததைப் பார்த்தேன். தேநீர் வாயில் மருந்து மாதிரி கசந்தது. பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஷெரிஃபே குடிலுக்குள் காய் பறித்துக்கொண்டிருந்தாள்.

“பாதிகூடப் பழுக்கல அண்ணே. பச்சையாவே பறிச்சிட்டிருக்கேன்.” நாலு காயைக் கூடையில் போட்டாள். “பதினஞ்சு வருஷமா உழுவறேன். ஒரு தடவகூடக் கலப்பை தட்டலையே. எப்படிண்ணே?”

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். பள்ளிவாசல், கொட்டகை, ஹாரூன், ருஷ்துவின் தரை, அதில் இருந்த பெண் முகம், எல்லாம். “அப்பாவை அதுமேலதான் வெச்சோம்” என்றேன்.

அவள் கை நின்றுவிட்டது. “அங்க நின்ன அத்தனை பேருக்கும் தெரியுமா?”

“தெரியும்.”

“உனக்கும்.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

“வண்டிய எடு. அஞ்சு மணி வரைக்கும் மியூசியம் ஆபீஸ்ல இருப்பாங்க அந்தம்மா. வந்து சொல்லு.”

“புரியாமப் பேசாத ஷெரிஃபே. ஊத்துனவன் நானு. என்னைத் தூக்கி உள்ள போட்டுருவாங்க.”

“போ. உள்ள போ. வாராவாரம் மிளகாய் வறுத்துக் கொண்டாந்து தரேன். எம்புள்ளைங்க வயித்துல அடிச்சிட்டு வெளியில இருந்து என்ன கிழிக்கப் போற?”

“சாவி வீட்டுல இருக்கு. எடுத்துட்டு வரேன்” என்றேன்.

சாவி என் கால்சட்டைப் பையில் இருந்தது. என் வீடு அவள் நிலத்துக்கு அடுத்ததுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். அவள் தலையில் நல்ல துணியைக் கட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். கால் மணி நேரம் நின்றாள். ஒரு தடவை “அண்ணே” என்று கூப்பிட்டாள். நான் மூச்சுகூட விடவில்லை.

பிறகு அவளுடைய ட்ராக்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது. மியூசியம் நாற்பது கிலோமீட்டர். அந்த ஓட்டை ட்ராக்டரில் அவள் கால்வாய்ச் சாலையில் தனியாகப் போவதை வளைவு திரும்புகிறவரை பார்த்தேன். யார் சொன்னார்கள் என்று அங்கே கேட்பார்கள். எங்கண்ணன் என்பாள். நாளைக்குக் காலையில் இல்காய் என் வாசலில் வந்து நிற்பாள். அவள் கேட்டதும் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. குமட்டிக்கொண்டு வருகிறது, ஆனாலும் தெரிகிறது.