அரை அடி உயர்ந்த மேடை

கேஸ் அடுப்பு மாட்டுவது என் தொழில். ஆனால் அக்கா வீட்டு வேலை என்றாலே எனக்குத் தலைவலிதான். வெளியாட்களிடம் "அடுப்பை மாட்ட முடியாது" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். அத்தானிடம் அது நடக்குமா?

முதுகில் ஆபரேஷன் முடிந்து அக்கா நாளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். இனி அவள் குனியவே கூடாது. அதற்காக அத்தான் அவளுக்குத் தெரியாமல் சமையல் மேடையை அரை அடி உயர்த்திக் கட்டி, மேடைக்குள்ளேயே பதிக்கும் புது கேஸ் அடுப்பான ஹாப்புக்காகக் கிரானைட்டையும் வெட்டி வைத்திருந்தார். மேலே இருந்த பிளைவுட் அலமாரியை மட்டும் தொடவில்லை. மேடை உயர்ந்தால் நடுவில் இருக்கும் இடைவெளி குறையும் என்பது மனுஷனுக்கு உறைக்கவே இல்லை. டேப்பை வைத்துப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அத்தான், இவ்வளவு கிட்டக்க பலகை இருந்தா தீப்பிடிக்கும். ஹாப்போட வந்த புத்தகத்துலயே போட்டிருக்கான். நான் மாட்ட மாட்டேன்."

"அவ என்ன ஊருக்கா சமைக்கப்போறா, மாப்ள? சின்னதா எரிய விட்டுக்குவா."

"அத நெருப்புகிட்ட சொல்லுங்க! அலமாரியக் கழட்டி மேல மாட்டணும்."

"மேல மாட்டினா அவளுக்கு எட்டாதே. கையத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

தலையில் கை வைத்துக்கொண்டேன். அடுப்பை நகர்த்தலாமென்றால் ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் ஃப்ரிட்ஜ். அத்தானோ "இப்போதைக்கு மாட்டு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று பிடித்த பிடியை விடவில்லை. கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோய், அக்காவுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.



"எனக்காகவா மேடைய ஒசத்தினாரு?" குரல் தழுதழுத்தது. அத்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"ஆமாக்கா. அலமாரிய என்ன பண்றது, அதச் சொல்லு."

"மேலயே மாட்டுடா. எனக்கு எட்டாட்டி என்ன, உங்க அத்தானுக்கு எட்டுமே! கல்யாணமான நாள்லேருந்து ஒரு டப்பா எடுத்துக் குடுத்திருப்பாரா அந்த மனுஷன்? இனிமே நான் சமைக்கும்போது பக்கத்துலயே நிக்கச் சொல்லு. கேட்டத எடுத்துக் குடுக்கட்டும்."

போனை வைத்துவிட்டாள். அத்தான் அலமாரியைக் கழற்றுவதற்காக டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கினார். ஒன்றைத் திறந்து வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"மாப்ள, இது சீரகமா, சோம்பா?"

வாங்கிப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.