உட்கார்ந்த குற்றம்

மரத்தட்டு பாயில் வந்து விழுந்த சத்தத்தில் லெவாலு தலைவரின் தொப்பையே ஒருமுறை குலுங்கியது. தட்டிலிருந்த சேப்பங்கிழங்கு உருண்டு ஓடிற்று.

“சாப்பிடுங்கண்ணே. ஊரைவிட்டுத் துரத்தினா எப்படிப் பசிக்கும்னு எனக்குத் தெரியாதா?” என்றாள் தெலேசியா, அவருடைய செத்துப்போன தம்பியின் மனைவி.

சமோவா முழுக்கத் தேடினாலும் லெவாலுவைப்போல ஒரு பேச்சாளர் கிடைக்கமாட்டார். சுதந்திரக் கூட்டத்தில் அவர் எழுந்தால், பச்சை வாழைத்தார் பழுத்து உதிரும்வரை பேசுவார். ஆனால் அவரை ஊரைவிட்டுத் துரத்தியது பேசியதற்காக அல்ல, உட்கார்ந்ததற்காக. வெள்ளைக்கார ஆளுநர் ஊருக்கு வந்த அன்று எல்லாரும் எழுந்து நிற்க, இவர் மட்டும் சப்பணமிட்டு அமர்ந்தார்.

“பெரியவங்க முன்னாடி உக்கார்றதுதான்யா எங்க மரியாதை” என்றார், முகத்தில் பால் வடிய.

ஆளுநர் விசாரிக்கவே இல்லை. தலைவர் பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு, சமோவாவின் இன்னொரு தீவான சவாயிக்குப் படகேற்றிவிட்டார். அங்கே போலீசுக்குப் பயந்து ஒரு வீடும் அவரைச் சேர்க்கவில்லை, தெலேசியாவின் வீட்டைத் தவிர.

அவளும் அவர் ஊரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவள்தான். கொட்டும் மழையில் தலைவர்களின் சபை மண்டபத்தைக் கடந்தபோது, மரியாதைக்குக் குடையை மடக்கவில்லையாம். தலைவர்கள் கூடி, அவளுடைய ஈரப்பலா மரங்களை வெட்டி, பன்றிகளைச் சுட்டுத் தின்று, சவாயியிலிருந்த அம்மா ஊருக்கே விரட்டினார்கள். தீர்ப்புச் சொன்னவர் லெவாலு. பன்றித்தொடையும் அவருக்குத்தான்.

சாப்பிட்டு முடித்ததும், ஆளுநருக்கு மேலே இருந்த அரசாங்கத்துக்கு அவர் மனு வாசகம் சொன்னார். மிஷன் பள்ளியில் படித்த தெலேசியா எழுதினாள்.

“‘விசாரிக்காம ஒருத்தரையும் சொந்த ஊரைவிட்டுத் துரத்தக் கூடாது.’ எழுதிட்டியா?”

“ஒருத்தரையும்னா, என்னையுமா?”

“அடடா! இது அரசியல்மா. அது ஊர்க் கட்டுப்பாடு.”

“அப்ப ‘தலைவர்களை மட்டும்’னு திருத்திடட்டுமா?”

மனுவை வாங்கிப்போக வந்த படகுக்காரன் கரையில் கத்திக்கொண்டிருந்தான்.

“என்னத்தையோ எழுதித் தொலை!” என்றார். அவள் தன் கதையையும் எழுதினாள். கீழே அவர், “எந்த வெள்ளைக்காரனும் என் பட்டத்தைப் பிடுங்க முடியாது” என்று உறுமிக்கொண்டே, காகிதம் கிழிய ‘தலைவர் லெவாலு’ என்று ஒப்பமிட்டார்.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. போலீஸ்காரன் இயோவானே படித்தான். துரத்தும் உரிமை ஆளுநர் ஒருவருக்கே உண்டு. ஆகவே லெவாலு இருந்த இடத்திலேயே கிடக்க வேண்டியது. தலைவர்கள் துரத்திய தெலேசியா இன்றே ஊர் திரும்பலாம்.

“கெளம்புக்கா, படகு நிக்குது.”

தெலேசியா அசையவில்லை.

“அந்த ஆளுநரா என்னைத் துரத்தினாரு? துரத்தினவரு இதோ உக்காந்திருக்காரு. அவரு கூப்பிடட்டும்.” லெவாலுவைப் பார்த்தாள். “மூணே சொல்லு போதும்ணே. ‘நாங்க செஞ்சது தப்பு.’ சொல்லிடுங்க, போயிடறேன்.”

லெவாலு கனைத்தார். கடலைப் பார்த்தார். மறுபடி கனைத்தார்.

“நான் எப்படிம்மா சொல்றது? எனக்குத்தான் இப்பப் பட்டமே இல்லையே.”

ஆளுநரின் உத்தரவை லெவாலு ஏற்றுக்கொண்டது ஆயுளில் அந்த ஒருமுறைதான்.